உள்ளங்கையில் ஒரு வீடு

இருபத்து நாலில் நிற்க வேண்டிய எண் இருபத்தொன்பதில் நின்றுகொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் கைபேசியை முழங்காலோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தார். முதுகு வளையவில்லை. அடுத்தவர் காரின் பின் இருக்கையிலும் அவர் நடைமேடையில் நிற்பது போல நிமிர்ந்துதான் உட்காருவார். ஓய்வு பெற்ற அன்று தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார், முதுகைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

"வீடு சூடாயிடுச்சா, மாஸ்டர் சார்?" முன் இருக்கையிலிருந்து டாக்டரம்மா திரும்பிக் கேட்டார்.

"ஆகிட்டே இருக்கும்மா."

அது பொய்யில்லை. அதற்குள் எண் முப்பது ஆகியிருந்தது.

காரை ஓட்டியவர் டாக்டரம்மாவின் கணவர், டாக்டர். மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆட்களைத் தட்டிப் பார்த்து, இவர் தாங்குவார், இவர் தாங்கமாட்டார் என்று சொல்லியே தலை நரைத்தவர். ஒருவர் கை கொடுத்தால் முதலில் அவர் நகத்தின் நிறத்தைத்தான் பார்ப்பார். அவருடைய மகனும் மாஸ்டரின் மகளும் வேறு ஊரில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள். கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் வாய் திறந்து 'சரி' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்தச் 'சரி'யைச் சொல்வதற்காக டாக்டரும் மனைவியும் முதல் முறையாக மாஸ்டரின் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் இருவரும் வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடுவார்கள்.

போனில் கூப்பிட்டால் போதாது, நேரில் போய் அழைத்து வருவதுதான் குடும்பத்துக்கு மரியாதை என்று மாஸ்டரும் மனைவியும் முந்தின நாளே ரயிலேறிப் போயிருந்தார்கள். இப்போது டாக்டரின் காரிலேயே திரும்புகிறார்கள். வெளியே மரங்களில் ஒரு இலை இல்லை. புல்வெளி முழுவதும் உறைபனி வெள்ளையடித்திருந்தது.

வினையெல்லாம் புறப்படும்போதுதான் தொடங்கியது.

"எனக்குக் குளிர்னா ஆகாதுங்க. முட்டி பிடிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா, சால்வையைச் சுற்றிக்கொண்டே. "நேத்துலேர்ந்து பூட்டிக் கிடக்கற வீடு. ஐஸ் பெட்டி மாதிரி இருக்குமே!"

அந்த 'இருக்குமே' மாஸ்டரைச் சுட்டது. அவர் வீட்டை இதுவரை யாரும் பெட்டி என்று சொன்னதில்லை.

"அம்மா, நீங்க வாசப்படியில காலை வைக்கறப்போ வீடு இளஞ்சூடா இருக்கும். ஹீட்டர், விளக்கு, துணி துவைக்கற மெஷின் எல்லாம் இதோ, இதுக்குள்ள" என்று கைபேசியை உயர்த்திக் காட்டினார். "எங்க வீட்டுல எதுவும் என்னைக் கேக்காம அசையாது."

"அடேயப்பா!" என்றார் டாக்டர். "பார்க்கத்தானே போறோம்."

அந்தச் செயலியைப் போன வாரம் லீவில் வந்திருந்த மாஸ்டரின் மகன்தான் வாங்கிக் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தான். விளக்கம் சொல்லவும் வாயெடுத்தான். மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "கேபின்ல உக்காந்துக்கிட்டு, கண்ணுக்கே தெரியாத ரயிலையெல்லாம் திருப்பி விட்டவன்டா நான். ஒரு ஹீட்டருக்கு எனக்குப் பாடம் நடத்தறியா?" மகன் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அப்பாவிடம் வாயை மூடிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இப்போது எண் முப்பத்தொன்று.

மாஸ்டர் கழித்தல் குறியை அழுத்தினார். எண் ஒருமுறை சிமிட்டிவிட்டு முப்பத்திரண்டானது. 'சிக்கனம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. சிக்கனம் நல்ல குணம்தானே என்று அதை அழுத்தினார். 'எல்லா அறைகளுக்குமா?' என்று அது கேட்டது. தன்னிடம் அனுமதி கேட்கிறதே என்ற திருப்தியில் 'ஆம்' என்றார். அடுத்த நொடி ஹாலில் எரிந்த சிவப்புப் புள்ளி நான்கு படுக்கையறைகளிலும் எரியத் தொடங்கியது.

வீட்டில் இருப்பது இரண்டு படுக்கையறை. சாமான் போடும் அறையையும் பால்கனியையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள் என்று மாஸ்டர் முடிவு செய்தார். சொல்லப்போனால் அதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

"என்னங்க" என்று மனைவி காதருகே சொன்னாள். "உங்களுக்கு வேர்க்குது."

"சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நெத்தியைத் தொடைங்க. அவர் கண்ணாடியில உங்களைத்தான் பார்க்கறாரு."

டாக்டரின் கண்கள் கண்ணாடியில் நிஜமாகவே அவர் மேல் இருந்தன. "மாஸ்டர் சார், இந்தக் குளிர்லயா வேர்க்குது? காலையில மாத்திரை ஏதாவது போடறதுண்டா?"

"மாத்திரை எந்தப் பக்கம் உருண்டையா இருக்கும்னே எனக்குத் தெரியாது, டாக்டர்."

முப்பத்து நாலு. சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்த முடியுமா? ஒரே நிமிஷம்."

டாக்டர் நிறுத்தினார். எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் பின்னால் போய் நின்று டெய்லருக்குப் போன் போட்டார். டெய்லருக்கு மாஸ்டரின் வீட்டுக்கு நேர் கீழே கடை.

"டெய்லர், உடனே மேல போய் எங்க வீட்டுக் கதவைத் தொட்டுப் பாருங்க."

"சார், அவசரமா ஒரு கோட்டைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"கோட்டுக்குக் கை இருக்கே தவிர கால் இல்ல. எங்கயும் ஓடிடாது. போங்கய்யா!"

படியேறும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டன. "தொட்டுட்டேன் சார்."

"கொதிக்குதா?"

"சில்லுனு இருக்கு. கை ஒட்டிக்குது."

"நல்லாத் தொட்டீங்களா?"

"கன்னத்தையே வெச்சுப் பார்த்துட்டேன் சார். இப்ப கன்னமும் ஒட்டிக்குது."

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் நிம்மதியாகக் காருக்குத் திரும்பியிருப்பார். மாஸ்டர் அப்படிப்பட்டவர் அல்ல. கேபினில் அவர் முன்னால் ஒரு பலகை இருந்தது. அதில் சிவப்பு எரிந்தால் தண்டவாளத்தில் வண்டி நிற்கிறது என்று பொருள். வெளியே நிற்கிறவன் 'ஒண்ணுமே இல்ல சார், காலியா கிடக்கு' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சிவப்பு சிவப்புதான். கண் ஏமாறும், பலகை ஏமாறாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அவர் பணிக்காலத்தில் ஒரு வண்டி இன்னொரு வண்டியைத் தொட்டதில்லை.

"அது கனமான கதவு. சூட்டை வெளியில விடல" என்றார். "நீங்க அங்கேயே நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது."

"சார், கீழ இஸ்திரிப் பெட்டி..."

மாஸ்டர் போனை வைத்துவிட்டார். டாக்டர் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்குவது தெரிந்தது.

"சிரமமா இருக்கா மாஸ்டர் சார்?"

"எதுக்கு?"

"இல்ல, கொஞ்ச நேரம் ஆச்சே. சிலருக்கு ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும்."

மாஸ்டர் காரில் ஏறிக்கொண்டார். டாக்டரம்மா குடிக்கத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு ஏதோ யோசித்து, பாட்டிலை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இன்னும் தூரம் இருக்கே" என்றார் கனிவோடு.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். கைபேசி மாஸ்டரின் உள்ளங்கையில் துள்ளியது. ஹீட்டரைப் பற்றி அல்ல. 'ஹாலில் ஆள் நடமாட்டம்' என்று எழுத்துகள் சிவப்பில் ஓடின.

பூட்டிய வீடு. உள்ளே ஆள். இந்தப் பக்கம், பெண் கேட்டு வருகிறவர்கள்.

"டாக்டர்..." என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "மறுபடியும் ஒரு நிமிஷம்."

"இப்பத்தானே போயிட்டு வந்தீங்க!"

"எங்க வீட்டுக்காரருக்கு எதையும் ரெண்டு தடவை பார்த்தாத்தான் திருப்தி" என்றாள் மனைவி. மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

சாலையோரத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் பின்னால் நின்று மாஸ்டர் ரகசியக் குரலில் கத்தினார்.

"டெய்லர்! வீட்டுக்குள்ள ஒருத்தன் நடமாடறான்!"

"பூட்டு தொங்குதே சார்!"

"திருடன் பூட்டை மாட்டிட்டு உள்ள போயிருப்பான்."

"வெளியில பூட்டை மாட்டிட்டு உள்ள எப்படி சார் போவான்?"

"அது அவன் தொழில். நமக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி?"

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"வாயைக் கழுவுங்க! சம்பந்தியாகப் போறவங்க வர நேரத்துல வாசல்ல போலீஸ் நிக்கணுமா? மூணு தலைமுறையா எங்க வாசல்ல போலீஸ்காரர் முகவரி கேக்கக்கூட நின்னதில்ல. நம்பிக்கையான ஆள் ரெண்டு பேரைக் கூட்டி வந்து கதவை மறிச்சு நில்லுங்க. ஒரு ஈ வெளிய வரக் கூடாது. அக்கம்பக்கத்துக்கும் தெரியக் கூடாது."

"என் மச்சான் இருக்கான். எதிர்க் கறிக்கடைக்காரரும் இதோ வந்துட்டாரு. கையில கத்தி இருக்கு சார்."

"திருடன் கையிலயா?"

"இல்ல சார், கறிக்கடைக்காரர் கையில. பாதி வேலையில அப்படியே ஓடி வந்துட்டாரு."

மாஸ்டர் திரும்பியபோது டாக்டர் மரத்தின் இந்தப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நல்லவேளையாக எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் இன்சூரன்ஸ் களை வந்திருந்தது.

"கையைக் குடுங்க" என்றார். மணிக்கட்டில் விரலை வைத்தார். "நாடி ஓடற ஓட்டம் சரியில்லையே. உங்க அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?"

"எங்க பரம்பரையில யாருக்கும் கிடையாது."

"தாத்தாவுக்கு?"

"தாத்தா கடைசி நாள் வரைக்கும் இனிப்பு தின்னுட்டுத்தான் போனாரு."

"ம்... அதனாலதான் போனாரோ என்னமோ." டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். "மகளுக்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

மாஸ்டரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. அதற்கு மேல் நிமிர இடமில்லை.

"என் பொண்ணுக்கு என்ன குறை?"

"குறைன்னு நான் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குப் பேரன் பேத்தின்னு வரும் இல்லையா? இன்னிக்கே வாக்குக் குடுக்கறதா, கொஞ்சம் தள்ளிப்போட்டு எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்துட்டுக் குடுக்கறதான்னு யோசிக்கறேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். பெண் கேட்டு வந்தவர்கள் பாதி வழியில் யோசிக்கத் தொடங்கினால், ஊரும் சேர்ந்து யோசிக்கும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாமா? 'டாக்டர், என் சிறுநீரகம் சரியாகத்தான் இருக்கிறது, வீடுதான் சரியில்லை. ஹீட்டர் என் பேச்சைக் கேட்கவில்லை, ஹாலில் திருடன் உலாத்துகிறான்' என்று சொல்லலாம். எதுவும் என்னைக் கேட்காமல் அசையாது என்று மார்தட்டிய அதே வாயால் சொல்ல வேண்டும். முடியவே முடியாது. என்ன ஆனாலும் சரி, வீடு போய்ச் சேரும்வரை வண்டியை நிறுத்தச் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

எண் முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

"நிறுத்தணும்னா கூச்சப்படாம சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம்மா."

"அடக்கவும் கூடாதுங்க. அது இன்னும் கெடுதல்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாஸ்டரால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அது அவருக்குப் பிடிபடவே இல்லை.

எண் நாற்பத்தொன்றைத் தொட்டபோது டெய்லரே கூப்பிட்டார். காருக்குள் நாலு பேர். போனை எடுக்காவிட்டாலும் சந்தேகம், எடுத்தாலும் சந்தேகம். மாஸ்டர் அதைக் காதில் அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

"சார்! புகை நாத்தம் வருது சார்!"

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்."

"சார், புகைங்கறேன்! படிக்கட்டு பூரா புகை!"

"எல்லாரும் சௌக்கியம்தானே?"

"நான் டெய்லர் பேசறேன் சார்! உங்க வீடு எரியுது போலிருக்கு!"

மாஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். பலகை நாற்பத்தொன்று என்கிறது. ஆள் புகை என்கிறான். முதல் முறையாக இரண்டும் ஒத்துப்போகின்றன. இனி யோசிக்க என்ன இருக்கிறது?

"அப்ப... திறந்துடுங்க" என்றார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"சாவி எதுக்கு? நம்ம ஆளுங்கதான் இருக்காங்களே."

"உடைக்கச் சொல்றீங்களா?"

"தாராளமா. விருந்தாளி வரப்போ கதவு திறந்துதானே இருக்கணும்."

"தண்ணி ஊத்தவா சார்?"

"நிறைய. ஒரு இடம் விடாம."

"திருடன்?"

"அவரையும் கவனிச்சுக்குங்க" என்று சொல்லி மாஸ்டர் போனை மடியில் வைத்தார்.

"வீட்டுல யாரோ இருக்காங்களா?" என்றார் டாக்டரம்மா.

"கீழ்க் கடைக்காரர். நீங்க வரீங்கன்னு வீட்டைக் கழுவி விடறாரு."

"ஐயோ, எங்களுக்காக எதுக்குங்க இவ்வளவு சிரமம்!"

"இதெல்லாம் ஒரு சிரமமா?" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு வீட்டு வாசல் வரும்வரை அவர் கைபேசியை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தார்.

படிக்கட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஓரங்களில் அது அதற்குள் உறைய ஆரம்பித்திருந்தது. டாக்டர் மனைவியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். மேலே கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் டெய்லரும், அவருடைய மச்சானும், கத்தியோடு கறிக்கடைக்காரரும் வரிசையாக நின்றிருந்தார்கள். கதவு ஹாலில் படுத்திருந்தது. அதன் மேல் சோபா மெத்தைகள் நனைந்து கிடந்தன. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. எங்கிருந்தோ வந்த காற்று வீட்டுக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி வெளியே போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவின் பற்கள் தாளம் போட்டன. "இளஞ்சூடுன்னு சொன்னீங்களே..."

"மாஸ்டர் சார்" என்றார் டாக்டர். "இது என்ன?"

மாஸ்டர் மூவரையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி, 'இனிமேலாவது சொல்லித் தொலையுங்கள்' என்று கண்ணால் சொன்னாள். தண்ணீருக்கு நடுவே, நடைமேடையில் நிற்பது போல நின்று, அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தொன்பதில் ஆரம்பித்து நாற்பத்தொன்றில் முடித்தார். காற்றடிக்கும் இயந்திரத்தையும் மரத்தையும் விடவில்லை.

டாக்டர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அப்ப, இறங்கி இறங்கிப் போனது...?"

"போன் பேச."

"வேர்த்தது?"

"வீடு எரிஞ்சா வேர்க்காதா டாக்டர்?"

"சர்க்கரை?"

"ஒரு துளி கிடையாது."

"தீ எங்கய்யா இருந்துச்சு?" என்று டாக்டர் டெய்லரைக் கேட்டார்.

"இங்க ஒண்ணும் தெரியல சார். ஹீட்டரைத் தொட்டா சில்லுனு இருக்கு."

"அவ்வளவு தண்ணி ஊத்தினா சில்லுனுதான் இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"ஆனா கீழ என் கடையில ஒரு புதுக் கோட்டு கருகிப்போச்சு சார். நல்லவேளை, மேலேருந்து ஒழுகின தண்ணியிலயே அணைஞ்சுடுச்சு."

"பார்த்தீங்களா!" என்றார் மாஸ்டர். "தீ கீழ இறங்கியிருக்கு."

"வயர் வழியா இறங்கியிருக்கும்" என்றார் டாக்டர். படித்தவர் சொன்னதால் கறிக்கடைக்காரரும் தலையாட்டினார்.

"திருடன்தான் கிடைக்கல" என்றான் மச்சான், குறையோடு.

"அந்தக் கத்தியைப் பார்த்துட்டு எவன்யா நிப்பான்? ஜன்னல் வழியா குதிச்சிருப்பான்" என்றார் மாஸ்டர்.

டாக்டர் ஹாலின் நடுவே வந்து நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இந்த முறை நாடி பார்க்கவில்லை.

"சம்பந்தி!" என்றார்.

மாஸ்டரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல திருடன், வீட்டுல தீ, எல்லாம் தெரிஞ்சும் எங்க மனசு கலங்கக் கூடாதுன்னு எங்களோட உக்காந்து வந்தீங்களே! எத்தனையோ பேரைச் சோதிச்சுப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு நெஞ்சுறுதியை நான் பார்த்ததில்ல. இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்க நாங்கதான் குடுத்து வெச்சிருக்கணும். எங்களுக்குச் சரி. முழுச் சம்மதம்."

"முட்டி போனாலும் பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. குளிரிலும் அவர் கண் கலங்கியிருந்தது. "எங்களுக்கும் சரிங்க."

டெய்லர் கை தட்டினார். கறிக்கடைக்காரரும் கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார்.

"அந்த ஆப் மட்டும் இல்லேன்னா இந்நேரம் வீடே போயிருக்கும்" என்றார் டாக்டர். "சம்பந்தி, எங்க வீட்டுக்கும் அதே கம்பெனில ஒண்ணு சொல்லிடுங்க."

மாஸ்டர் கைபேசியை உள்ளங்கையில் ஏந்தி உயர்த்தினார். அது இப்போது குளியலறையில் வெந்நீர் தயார் என்று காட்டிக்கொண்டிருந்தது.

"சொல்றேன் சம்பந்தி. ஆனா ஒண்ணு. வாங்கினா மட்டும் போதாது, நம்பணும். கூட இருக்கறவன் ஆயிரம் சொல்லுவான். கதவு சில்லுனு இருக்கும்பான், பூட்டு தொங்குதும்பான். இது சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பல, பார்த்தீங்களா?"

அப்போது படியில் வழுக்கி, சமாளித்து, ஒரு நடுத்தர வயது அம்மாள் மேலே வந்தார். தோளில் கருவிப் பை. இரண்டு கைகளிலும் பெரிய அட்டைப் பெட்டி. பெட்டி முகத்தை மறைக்க, அதற்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். பெட்டியை எங்கே வைப்பது என்று ஈரமில்லாத இடம் தேடினார். கிடைக்கவில்லை.

"ஆப் கம்பெனிலேருந்து வரேன். மன்னிச்சுக்குங்க சார், உங்க மகன் வாங்கின சாமானெல்லாம் இன்னிக்குத்தான் வந்து சேர்ந்துச்சு. இதையெல்லாம் ஹீட்டர்லயும் சுவர்லயும் மாட்டினப்புறம்தான் உங்க போன்ல உங்க வீடு தெரியும். அதுவரைக்கும் அதுல ஓடறது, வாங்க வரவங்களுக்கு நாங்க வேடிக்கை காட்டற பொம்மை வீடு சார்!"